மூணெட்டு அண்ணேயும் தூங்காத பேட்டரியும்

பேராக் மாநிலம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், ஒரு ஃபோர்க்லிஃப்டைத் தூங்க வைத்துவிட்டு, அதன் தூக்கம் கலையக் கூடாது என்று லோரி ஓட்டுநரின் ஹாரனை அடக்கிய மனிதர் ஒருவர்தான் அகப்படுவார். அவர் எங்கள் மூணெட்டு அண்ணே.

அந்தக் காட்சியை நான் நேரில் பார்த்தேன். என் மண்டையில் அந்த யோசனை முதலில் பளிச்சிட்டதும் அப்போதுதான். ஈப்போவுக்கு வெளியே, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தில் நிற்கிறது எங்கள் டைல்ஸ் கிடங்கு. எலெக்ட்ரிகல் டிப்ளோமாவும் ஆறு மாத கான்ட்ராக்ட்டுமாக நான் அங்கே சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மதியம் மூன்று மணி. ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து சரக்கெடுக்க வந்த லோரி வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த ஃபோர்க்லிஃப்டுகளில் சார்ஜ் இறங்கிப்போய், அவை மாட்டுவண்டி வேகத்தில் ஊர்கின்றன. ஆனால் பேட்டரி அறையில் நான்காம் நம்பர் வண்டி முழு சார்ஜோடு ஜம்மென்று நிற்கிறது. அதன் கழுத்தில் ஓர் அட்டை: 'ஓய்வு. எழுப்ப வேண்டாம்.'

"அண்ணே, அதான் ஃபுல்லா சார்ஜ் ஆயிருச்சே. எடுக்கலாம்ல?"

"சார்ஜ் ஆயிருச்சு. சூடு ஆறல."

"எப்ப ஆறும்?"

"ஏழு மணிக்கு."

"லோரிக்காரரு கத்துறாரு அண்ணே!"

"அவரையும் கொஞ்சம் படுக்கச் சொல்லும்மா. உடம்புக்கு நல்லதுலா. ஹாரனை நிறுத்தச் சொல்லு, இது முழிச்சிரும்."

அந்த நிமிடம்தான் எனக்குள் ஒரு குரல் கூவியது: லித்தியம்!

அண்ணே மீது குற்றம் சொல்ல முடியாது. அந்த வண்டிகளில் இருந்தவை காரீயமும் அமிலமும் நிறைந்த பழைய ரக பேட்டரிகள். எட்டு மணி நேரம் உழைக்கும், எட்டு மணி நேரம் சார்ஜ் ஏறும், எட்டு மணி நேரம் சூடு ஆறும். இடையில் எடுத்தாலோ, பாதியில் சார்ஜ் போட்டாலோ ஆயுள் குறையும். இது உலகம் முழுக்க எல்லாக் கிடங்கிலும் தெரிந்த விதி. வண்டிகளைக் கவனிப்பதுதான் அண்ணேயின் வேலை. அவர் அந்த விதியை வண்டியோடு நிறுத்தவில்லை, தன் மேலேயும் போட்டுக்கொண்டார்.

எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் தூக்கம், மீதி எட்டு மணி நேரம் 'சூடு ஆறுதல்'. அந்த நேரத்தில் அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். போன் எடுக்க மாட்டார், பேச மாட்டார். ஞாயிற்றுக்கிழமை வண்டிகளுக்குக் கூடுதலாக ஒரு நீண்ட சார்ஜ் போட்டு எல்லா செல்லையும் சமப்படுத்துவது வழக்கம். அன்றைக்கு அண்ணேயும் எண்ணெய் தேய்த்துக் குளித்துத் தன்னைச் சமப்படுத்திக்கொள்வார். அவருடைய உண்மைப் பெயர் அவருடைய அடையாளக் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் மூணெட்டு.

காலை ஏழரைக்கு அவர் வண்டிகளுக்குப் 'பெரட்டு' எடுப்பார். தோட்டத்தில் விடிகாலை ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதே பெரட்டு. ஆறு ஃபோர்க்லிஃப்டும் வரிசையாக நிற்கும். "ஒண்ணாம் நம்பர்!" என்று கூப்பிடுவார். "ஆஜர்!" என்று அவரே வேறு குரலில் பதில் சொல்வார். ஆறாம் நம்பர் பழைய வண்டி. அதற்கு மட்டும் இருமிக்கொண்டே, "வந்துட்டேன்யா..." என்று ஒரு குரல் வைத்திருந்தார்.

"ஏன் அண்ணே இதுக்கு இவ்வளவு ரெஸ்ட்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கம்மா பால் வெட்டுனவங்க. ரப்பர் மரத்தையே ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டுவாங்க, தெரியுமா? இத்தனைக்கும் மரத்துக்கு யூனியன்கூட கிடையாது."

இடைவேளையில் எல்லோரும் தே தாரிக் டீயும், உள்ளே கறி வைத்துப் பொரித்த கறிபாப்புமாக இருக்கும்போது அவர் மட்டும் வெறும் வாயோடு உட்கார்ந்திருப்பார். கேண்டீன் அக்கா விடாமல் வம்பிழுப்பார்.

"ஒரு கறிபாப் சாப்டா செத்தா போயிருவீங்க?"

"இன்னும் அறுபது பர்சென்ட் இருக்குக்கா. இருபதுக்கு இறங்காம சார்ஜ் போட மாட்டேன்."

இவர் கோப்பெங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போன கதையைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். முதல் பந்தியில் உட்கார்ந்தார். இலை போட்டார்கள், சோறு வந்தது. அண்ணே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பசி இன்னும் இருபதுக்கு இறங்கவில்லையாம். முதல் பந்தி எழுந்தது, இரண்டாம் பந்தி உட்கார்ந்து எழுந்தது. இவர் அதே இலை முன்னால் தவம். மாப்பிள்ளையின் தாய்மாமன் பதறிப்போய், ஏதோ மனக்குறை என்று நினைத்து, காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டார். மூன்றாம் பந்தியில் திடீரென்று, "வந்துருச்சு!" என்று கத்திவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தவர், பாயசத்தை மூன்று முறை கேட்டு வாங்கினார்.

வயிற்று எரிச்சலுக்குப் போன இடத்தில் டாக்டர், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடச் சொன்னார். அண்ணே கொதித்துவிட்டார். "டாக்டர், இது பேட்டரியைக் கெடுக்கிற வேலை!" என்று சொல்லி மருந்துச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அவர் சட்டைப்பையில் ஒரு ஹைட்ரோமீட்டர் இருக்கும். கண்ணாடிக் குழாய், உள்ளே ஒரு மிதவை. பேட்டரித் தண்ணீரின் அடர்த்தியை அளந்து, சார்ஜ் எவ்வளவு என்று காட்டும் கருவி. அவரிடம் இன்னொன்றும் இருந்தது. "ஒண்ணு ஆசிட்டுக்கு, ஒண்ணு சாம்பாருக்கு. மாத்திட மாட்டேன், பயப்படாத!" கேண்டீனில் சாம்பாரை உறிஞ்சிப் பார்த்து, "அக்கா, இது டெட் பேட்டரி!" என்று அறிவிப்பார். அக்கா கரண்டியோடு துரத்துவார்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் லித்தியத்தைக் கொண்டுபோய் நீட்டினேன்.

எங்கள் முதலாளி தவுக்கே ஒரு சீனர். தமிழ் புரியும், பேசுவது முக்கால்வாசி மலாய். அவர் முன்னால் இருபத்து நான்கு ஸ்லைடு காட்டினேன். பாதி இறங்கினாலும் சார்ஜ் போடலாம், தேநீர் இடைவேளையில்கூடப் போடலாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஓய்வே வேண்டாம், எவ்வளவு மீதி என்று போனுக்கே செய்தி வரும், இப்போது உலகமே இந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று மூச்சு விடாமல் பேசினேன்.

பின்னால் நின்ற மூணெட்டு கேட்டார்: "போனுக்கு மெசேஜ் அனுப்புமா?"

"அனுப்பும்ணே."

"என் மகளே எனக்கு அனுப்ப மாட்டேங்கிறா. பேட்டரி அனுப்புதாம்."

தவுக்கே சிரித்தார். ஆனால் முடிவாகச் சொன்னார்: ஒரே ஒரு வண்டி, இரவல் பேட்டரி, பத்து நாள். பத்தாம் நாள் வேலை நிற்காமல் ஓடினால் ஆறு வண்டிக்கும் லித்தியம். நின்றுவிட்டால் பேட்டரியும் போகும், என் கான்ட்ராக்ட்டும் அதோடு முடியும். "சரியா?" என்றார். எனக்கு அவசரம் கொஞ்சம் அதிகம். "சரி" என்று அவர் வாக்கியம் முடிவதற்குள் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மூணெட்டு அண்ணே எனக்கு வைத்த பெயர் 'டிப்ளோமா'. மறுநாளே கிடங்கு முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பேட்டரி விற்பவர்களுக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. அதில் ஒரு கேள்வி: வண்டித் தகட்டில் போட்டிருக்கும் குறைந்தபட்ச பேட்டரி எடை எவ்வளவு? போய்ப் பார்த்தேன். எங்கள் வண்டிகளில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத ஒரே இடம் அந்தத் தகடுதான். ஆகவே ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அண்ணே சந்தனமும் குங்குமமும் அங்கேதான் வைப்பார். உதிர்ந்துவிடக் கூடாதே என்று மேலே ஒரு கோட் வார்னிஷ் வேறு. பல வருட பூஜை, அடுக்கடுக்காக, சரியாக அந்த எண்ணின் மேல் கல்லாக உறைந்திருந்தது. சுரண்ட எனக்குப் பொறுமை இல்லை. நீளம், அகலம், உயரம் எழுதினேன், எடையைக் காலியாக விட்டேன். எதிர்முனையில் அதை வாங்கிக்கொண்டவரும் என்னைப் போலவே அவசரக்காரர் போலிருக்கிறது. ஏன் காலி என்று கேட்கவே இல்லை.

முதல் நாள். மூன்றாம் நம்பர் வண்டியில் லித்தியம் ஏறியது. அரை மணி நேரம் கழித்து வந்து பார்க்கிறேன், மூணெட்டு அண்ணே டார்ச் லைட்டும் காய்ச்சி வடித்த தண்ணீருமாக அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.

"என்ன அண்ணே தேடுறீங்க?"

"வாய் எங்கம்மா இருக்கு இதுக்கு? தாகமா இருக்கும்லா, பாவம்."

"அண்ணே! அதுக்குத் தண்ணியே ஊத்தக் கூடாது!"

"தண்ணி குடிக்காது, தூங்காது, நேரங்காலம் இல்லாம சாப்பிடும். இது பேட்டரியா, காலேஜ் ஹாஸ்டலா?"

நான் உடனே மூன்றாம் நம்பரைச் சுற்றித் தரையில் மஞ்சள் டேப் ஒட்டினேன். "இதைத் தாண்டி வரக் கூடாது அண்ணே" என்றேன். தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு டேப்பின் ஓரத்தில், ஓர் அங்குலம்கூட மிதிக்காமல், தினமும் நின்று பார்த்தார். முதல் மூன்று நாள் வாஷ்பேசின், டாய்லெட் கோப்பை என்று லேசான பெட்டிகள்தான் தூக்கினோம். வண்டி பறந்தது. நானும்தான். டேப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணே மட்டும், "டிப்ளோமா, நடை சரியில்ல. பின்பக்கம் லேசா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் தவுக்கே பார்க்க வந்தார். நானே ஓட்டுநர் சேகரைக் கூப்பிட்டு, "மச்சான், பெரிய தரை டைல்ஸ் பேலட்டைத் தூக்கிக் காட்டு" என்றேன்.

சேகர் தூக்கினான். பேலட் ஒரு சாண் மேலே போனது. அதே நேரம் வண்டியின் பின் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழுந்தன. மூன்றாம் நம்பர் முன்பக்கமாகக் குனிந்து, நிதானமாக, மரியாதையாக, தவுக்கேயின் காலடியில் விழுந்து கும்பிட்டது.

சேகருக்கு ஒன்றும் ஆகவில்லை. "அலாமாக்!" என்று கத்திக்கொண்டே முள்ளை இறக்கிவிட்டான், வண்டி 'தடால்' என்று உட்கார்ந்தது. நாலைந்து பெட்டி டைல்ஸ் நொறுங்கிய சத்தம் மட்டும் கிடங்கு முழுக்கச் சுற்றி வந்தது.

தவுக்கே தன் ஷூவைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். "இது எதுக்கு எனக்கு வணக்கம் சொல்லுது?" என்று மலாயில் கேட்டார். என்னிடம் இருபத்து நான்கு ஸ்லைடு இருந்தன, ஒன்றில்கூட இதற்குப் பதில் இல்லை. "சுடா, போதும். திருப்பி அனுப்பிரு" என்றார்.

அப்போது டேப்பின் ஓரத்திலிருந்து ஒரு குரல்.

"டிப்ளோமா, கோட்டைத் தாண்டலாமா?"

அந்த நிலைமையிலும் மனிதர் அனுமதி கேட்கிறார்! தலையாட்டினேன். உள்ளே வந்தவர் தவுக்கே முன்னால் கையைக் கட்டி நின்றார்.

"தவுக்கே, தப்பு பேட்டரி மேல இல்ல. இந்தப் பொண்ணு மேலயும் இல்ல. பொட்டு வச்சவன் மேல."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பூச்சு சுரண்டும் தகடு ஒன்றை எடுத்துவந்து, மூன்றாம் நம்பரின் பொட்டைச் சுரண்ட ஆரம்பித்தார். வார்னிஷ், குங்குமம், சந்தனம், மறுபடி வார்னிஷ். ஒவ்வோர் அடுக்கும் உரியும்போது உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார், மன்னிப்புக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். கடைசியில் எண் தெரிந்தது. ஒரு டன்னுக்கு மேல். என் லித்தியம் அதில் பாதிகூட இல்லை.

"காரீயத்துக்கு ரெண்டு வேலை தவுக்கே. கரண்ட்டும் குடுக்கும், பின்னாடி உக்காந்து பாரத்துக்கு ஈடும் குடுக்கும். இது புள்ளைக்குத் தெரியாது. ஏன்னா நான் அதை மூடி வச்சிட்டேன். மீதி ஆறு நாளைக் குடுங்க."

உண்மையில் அந்த எண்ணைத் தேடிப் படிக்க வேண்டியது என் வேலை. அதைச் சொல்ல நான் வாயைத் திறந்தபோது அண்ணே என் காலை மிதித்தார், பலமாக. தவுக்கே நொறுங்கிய டைல்ஸை ஷூ நுனியால் ஓரமாகத் தள்ளிவிட்டு, "ஆறு நாள்" என்றார். பேட்டரி விற்பவர்கள் இரண்டே நாளில் வந்து, குறைந்த எடைக்கு இரும்புப் பாளங்கள் வைத்துப் பொருத்தி, வண்டியைச் சோதித்துக் கையெழுத்தும் போட்டார்கள். வண்டி கும்பிடுவதை நிறுத்தியது. அண்ணே புதுப் பொட்டு ஒன்று வைத்தார், இந்தத் தடவை கூரைக் கம்பியில், என்னிடம் கேட்டுக்கொண்டு. நான் டேப்பை உரித்துப் போட்டேன்.

பத்தாம் நாள். வீடமைப்புத் திட்டம் ஒன்றுக்கு நான்கு லோரி சரக்கு, பகல் ஒரு மணிக்குள் ஏற்றியாக வேண்டும். தவுக்கே என்னைத் தன் மேல்மாடி அறையில் உட்கார வைத்துக்கொண்டு, புதிய பேட்டரியின் உத்தரவாதம் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். மேசைக்கு அடியில் என் போன், அதில் மூன்றாம் நம்பரின் சார்ஜ் எத்தனை சதவீதம் என்று காட்டும் எண். ஒன்பதரை மணி இடைவேளைக்குச் சேகர் வண்டியை சார்ஜில் மாட்டியிருக்க வேண்டும். எண் ஏறவேண்டும். ஏறவில்லை. பத்து மணிக்கு இருபத்தைந்து. அப்புறம் இருபது. பதினேழு.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கிடங்கில் வேலை நேரத்தில் சார்ஜ் போட யாருக்கும் கையே வராது. வருடக்கணக்காக மூணெட்டு அண்ணே திட்டித் திட்டி ஊட்டிய பழக்கம். இடைவேளையில் சார்ஜ் போடச் சொல்லி நான் மூன்று மொழியில் ஒட்டிய அறிவிப்பை எந்த மொழிக்காரரும் படிக்கவில்லை. தவுக்கே நிறுத்தாமல் பேசுகிறார். எழுந்து ஓட முடியாது, ஓடினால் குட்டு உடைந்துவிடும். பதினைந்து. பதின்மூன்று. பன்னிரண்டு.

பன்னிரண்டிலேயே நின்றது.

பதின்மூன்று என்றது. பதினாறு. இருபது. போன் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, வயிற்று வலி என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன்.

மூன்றாம் நம்பர் சார்ஜரோடு இணைந்து நிற்கிறது. பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார் மூணெட்டு அண்ணே. நேரம் பத்தே முக்கால். அவர் கையில் பாதி கடித்த கறிபாப்.

கேண்டீன் அக்கா தூரத்தில் கரண்டியை மறந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்.

"அண்ணே! நீங்களா மாட்டுனீங்க?"

"சேகரு மறந்துட்டான். அவன் மேல தப்பில்ல, நான் குடுத்த பழக்கம்."

"அது சரி, கையில என்ன இது?"

கறிபாப்பை ஒரு தடவை பார்த்தார். வண்டியைப் பார்த்தார். கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்:

"அது மட்டும் தனியா சாப்பிட்டா நல்லாவா இருக்கும்?"

கடைசி லோரி பன்னிரண்டு ஐம்பதுக்குக் கிளம்பியது. தவுக்கே கைகொடுத்தார். என் கான்ட்ராக்ட் நிலைத்தது, ஆறு வண்டிக்கும் ஒவ்வொன்றாக லித்தியம் வந்தது.

அதன் பிறகு மூணெட்டு அண்ணே கட்சி மாறியதைப் போல எந்த அரசியல்வாதியும் மாறியதில்லை. பத்து மணிக்குக் கறிபாப், பன்னிரண்டுக்குச் சோறு, மூன்றுக்கு ரோட்டி சானாய், ஐந்துக்கு வாழைப்பழம். "சின்னச் சின்னதா போட்டுக்கணும்மா, அதான் இப்ப டிரெண்டு." வயிற்று எரிச்சல் போன இடம் தெரியவில்லை. டாக்டர் தன் அறிவுரை வேலை செய்ததாக நினைத்துக்கொண்டார். காலியான பேட்டரி அறையைத் தவுக்கே தொழிலாளர்களின் ஓய்வறை ஆக்கினார். அதன் கதவில் இன்றைக்கும் அந்தப் பழைய அட்டை தொங்குகிறது: 'ஓய்வு. எழுப்ப வேண்டாம்.'

அண்ணே இப்போது இங்கே இல்லை. மலைக் காய்கறிகளுக்காகத் தவுக்கே தாப்பாவில் ஒரு குளிர்க் கிடங்கு திறந்தார். அங்குள்ள வண்டிகளைப் பார்த்துக்கொள்ள அண்ணேயே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். குளிரில் பேட்டரிகள் சோம்பும். காரீயமும் சோம்பும், லித்தியமும் சார்ஜ் ஏற அடம்பிடிக்கும். சோடியத்தில் செய்யும் புது ரகம் ஒன்று வந்திருக்கிறது, குளிரை அதிகம் பொருட்படுத்தாது என்கிறார்கள். உண்மையா என்று பார்க்க எனக்குக் கை அரிக்கிறது. தவுக்கேயை நச்சரித்து ஒரு வண்டிக்கு அனுமதி வாங்கிவிட்டேன். படிவத்தில் எல்லா இடத்தையும் நிரப்பினேன். எடையை இரண்டு தடவை எழுதினேன்.

நேற்று அண்ணே போன் செய்தார்.

"டிப்ளோமா, ஏதோ உப்பு பேட்டரியாமே? அது எப்படி? தூங்குமா? சாப்பிடுமா?"

"தெரியல அண்ணே. ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

"சரி, வா. பாத்துக்கலாம். வரும்போது கறிபாப் மூணு வாங்கிட்டு வா."

"மூணா? நாம ரெண்டு பேருதானே?"

"புதுசா வர்ற புள்ளம்மா. நாம சாப்பிடறதைப் பாத்துக்கிட்டு நிக்குமா?"

திங்கட்கிழமை காலை தாப்பா பஸ் ஏறுகிறேன். இந்தத் தடவை ஸ்லைடு எதுவும் கொண்டுபோகவில்லை. பையில் மூன்று கறிபாப் இருக்கும், சூடு ஆறாமல்.